முதலாண்டுக் கணிதமும் பேராசிரியர் ஹார்டியும்

அரசு கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு ஹார்டி என்னும் பெயர் புதியதன்று. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணிதம் தவிர்த்த பிற பாடங்களில் தவறி, உதவித்தொகையையும் இழந்து நின்ற சீனிவாச இராமானுஜன் என்னும் இளைஞரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்து உலகறியச் செய்தவர் அவர். இந்த ஒரு செய்தியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் ஹார்டியின் வாழ்வில் நம்மைப் போன்ற முதலாண்டு மாணவர்களைத் தொடும் வேறொரு பகுதியும் உண்டு. கல்லூரிக்குள் காலடி வைக்கும் மாணவன் எந்த நுண்கணிதத்தைப் பயில வேண்டும்? கணக்குப் போடும் வழிமுறைகளையா, அவ்வழிமுறைகள் ஏன் பொய்ப்பதில்லை என்னும் காரணத்தையா? இக்கேள்வி ஹார்டியின் முன் மூன்று முறை வந்து நின்றது. மாணவராக ஒரு முறை, ஆசிரியராக ஒரு முறை, இராமானுஜனின் வழிகாட்டியாக ஒரு முறை. அந்த மூன்று விடைகளையும் இம்மலரில் எழுதுவது, மூன்றாமாண்டு கணிதம் பயிலும் எனக்குக் கடமையாகவே தோன்றுகிறது.

காட்ஃப்ரி ஹெரால்ட் ஹார்டி 1877ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கிரான்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். தாய் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். இருவரும் அறிவுத் தாகம் மிக்கவர்கள். ஆயினும் பணமின்மையால் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்க இயலாதவர்கள். நம்மில் பலருடைய பெற்றோரை நினைவூட்டும் செய்தி அல்லவா இது! தேவாலயத்திற்கு அழைத்துச் சென்றால், பாடப்படும் பாடல்களின் எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக்கொண்டிருப்பாராம் சிறுவர் ஹார்டி. உதவித்தொகை பெற்று வின்செஸ்டர் பள்ளியில் பயின்று, 1896இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்.

அந்நாளைய கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வுக்கு டிரைபாஸ் என்று பெயர். தேறியவர்களை முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்தி அறிவிப்பார்கள். முதல் வகுப்பில் தேறியோர் ராங்லர் எனப்பட்டனர். முதல் ராங்லராக வருபவர் நாடறிந்த மனிதராகிவிடுவார். இந்த வரிசையில் முந்துவதற்காகப் பல்கலைக்கழக விரிவுரைகளை ஒதுக்கிவிட்டுத் தனிப்பயிற்சி ஆசிரியர்களை நாடினர் மாணவர்கள். இன்று நாம் காணும் பயிற்சி மையங்களுக்குச் சற்றும் குறையாத ஏற்பாடு அது. எந்தக் கணக்கு வரும், அதை எத்தனை நிமிடத்தில் முடிப்பது, எந்த உத்தியை எங்கே கையாள்வது என்பவையே அங்குப் பாடம். கணிதம் என்னும் அறிவுத்துறை எங்கே நிற்கிறது, எங்கே செல்கிறது என்பதைப் பற்றிய கவலை அங்கு எவருக்கும் இல்லை.

ஹார்டி, புகழ்பெற்ற தனிப்பயிற்சி ஆசிரியரான வெப் என்பவரிடம் அனுப்பப்பட்டார். சில காலத்திலேயே அவருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. கணிதத்தையே விட்டுவிட்டு வரலாறு படிக்கப் போகலாமா என்று எண்ணும் அளவுக்குச் சலிப்பு! இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவர், முதலாண்டுப் பாடத்தின் போக்கினாலேயே கணிதத்திற்கு இல்லாமல் போயிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவரைத் தடுத்து நிறுத்தியது ஒரு புத்தகம். அப்புத்தகத்தை எடுத்துக் காட்டியவர் லவ் என்னும் பேராசிரியர். வெப்பிடமிருந்து விலகிய ஹார்டிக்கு இவர் சில பருவங்களே பாடம் சொன்னார். நெகிழ்ச்சிப் பண்பு பற்றி ஆராய்ந்தவர். நிலநடுக்க அலைகளுள் ஒருவகை இன்றும் இவர் பெயராலேயே வழங்குகிறது. அதாவது, இவர் முற்றிலும் பயன்முறைக் கணிதத்தைச் சார்ந்தவர். அப்படிப்பட்டவர்தாம் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோர்டான் எழுதிய பகுப்பாய்வு நூலைப் படிக்குமாறு ஹார்டிக்குக் கூறினார். தம்முடைய துறைக்கு ஆள் சேர்க்காமல், மாணவனின் மனத்திற்கு எது பொருந்தும் என்று பார்த்த ஆசிரியர் அவர். அந்நூலைப் படித்த பிறகே கணிதம் என்றால் என்னவென்று தமக்கு விளங்கியதாக ஹார்டி பிற்காலத்தில் எழுதினார்.

அந்நூலில் அப்படி என்ன இருந்தது? நுண்கணிதத்தை உருவாக்கிய நியூட்டனின் நாட்டில், அதன் அடித்தளத்தைப் பற்றி அதிகம் பேர் கவலைப்படாதிருந்த காலம் அது. ஐரோப்பாவிலோ கோஷி, வயர்ஸ்ட்ராஸ் போன்றோர் எல்லை, தொடர்ச்சி, குவிதல் ஆகியவற்றுக்குத் திட்டவட்டமான இலக்கணம் வகுத்திருந்தனர். அந்தப் புதுநெறியின் தெளிவு ஜோர்டானின் பக்கங்களில் இருந்தது.

திட்டவட்டமான இலக்கணம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஒன்றிலிருந்து அரையைக் கழித்து, மூன்றில் ஒன்றைக் கூட்டி, நான்கில் ஒன்றைக் கழித்து, இப்படியே முடிவின்றிச் செல்லும் தொடரின் கூடுதல் ஏறக்குறைய 0.693. இது 2 என்னும் எண்ணின் இயல் மடக்கை. இப்போது அதே உறுப்புகளை, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் சேர்க்காமல், வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஒரு கூட்டல் உறுப்புக்கு இரண்டு கழித்தல் உறுப்புகள் என்ற முறையில் எழுதுங்கள். விடை ஏறக்குறைய 0.347 ஆகிவிடும், சரிபாதி! பத்து ரூபாய் நாணயங்களை எந்த வரிசையில் எண்ணினாலும் தொகை மாறாது என்று நம்பி வளர்ந்த நமக்கு இது திகைப்பைத் தருகிறது. முடிவுள்ள கூட்டலுக்கு உண்மையானது முடிவிலாக் கூட்டலுக்கும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. எது எப்போது உண்மை என்று சொல்வதற்கே இலக்கணம் வேண்டியிருக்கிறது.

ஹார்டி தேர்வை வெறுத்தாரேயன்றித் தேர்விலிருந்து ஓடவில்லை. இரண்டே ஆண்டுப் படிப்பிற்குப் பின் 1898இல் தேர்வெழுதி நான்காம் ராங்லராகத் தேறினார். 1900இல் டிரினிட்டியின் ஆய்வாளர் பதவி கிடைத்தது. டிரைபாஸ் முறையைச் சீர்திருத்தப் போராடியவர்களுள் அவரும் ஒருவர். வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் 1909ஆம் ஆண்டுத் தேர்வோடு நின்றது. அதுவும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1926இல் கணித ஆசிரியர் சங்கத்தின் தலைமையுரையில், அத்தேர்வையே ஒழித்துவிட வேண்டும் என்று வாதாடினார்.

இனி இரண்டாவது விடை. தமக்கு வாய்த்த நல்லூழ், அதாவது சரியான நேரத்தில் சரியான புத்தகத்தைக் காட்டும் ஆசிரியர், எல்லா மாணவருக்கும் வாய்க்குமா? வாய்க்காது. ஆகவே அந்தப் புத்தகத்தைத் தாமே முதலாண்டு மாணவர்க்கென ஆங்கிலத்தில் எழுத முற்பட்டார் ஹார்டி. 1908ஆம் ஆண்டு, தம் 31ஆம் அகவையில், தூய கணிதப் பாடநூலை வெளியிட்டார். உதவித்தொகைத் தேர்வுக்குரிய திறனுடைய, அல்லது அதனை நெருங்கிய, முதலாண்டு மாணவர்களையே தாம் கருதுவதாக முன்னுரையில் தெளிவாகக் கூறினார்.

நூலின் அமைப்பே புதுமையானது. நாம் முதல் வாரத்திலேயே வகைக்கெழு காணத் தொடங்குகிறோம் அல்லவா? ஹார்டியின் நூலிலோ வகைக்கெழுவும் தொகையீடும் ஆறாம் அதிகாரத்தில்தான் வருகின்றன. அதற்கு முன் மெய்யெண்கள், சார்புகள், கலப்பெண்கள், பின்னர் எல்லைக்கென்றே இரண்டு அதிகாரங்கள். மடக்கையும் அடுக்குக்குறிச் சார்பும் ஒன்பதாம் அதிகாரம் வரை காத்திருக்க வேண்டும். அங்கே மடக்கை ஒரு தொகையீடாகவே வரையறுக்கப்படுகிறது. 1914இல் வந்த இரண்டாம் பதிப்பில், டெடிகிண்ட் வகுத்த மெய்யெண் கோட்பாட்டையும் முதல் அதிகாரத்தில் சேர்த்தார். வீடு கட்டுபவன் கூரையைக் காட்டும் முன் கடைக்காலைக் காட்டுவது போன்றது இம்முறை. 1952இல் பத்தாம் பதிப்பும், 2008இல் நூற்றாண்டுப் பதிப்பும் வெளிவந்தன என்றால் அந்நூலின் ஆயுளை அறிந்துகொள்ளலாம்.

ஆனால் நண்பர்களே, கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹார்டியின் நூல் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 1910இல், அதே இங்கிலாந்தில் மற்றொரு நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. நுண்கணிதத்தை எளிமையாக்கித் தருவதே அதன் நோக்கம்; அதன் பெயரும் அதுவே. எழுதியவர் இலண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராயிருந்த மின்பொறியியல் அறிஞர் சில்வேனஸ் தாம்சன். இவர் எல்லையைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு நீளத்தின் மிகச்சிறு துண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், அதன் வர்க்கம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை சிறியதைத் தள்ளிவிடு, விடை வந்துவிடும் என்பதே இவர் வழி. தொகையீடு என்பது சிறு துண்டுகளையெல்லாம் ஒன்றுசேர்ப்பது, அவ்வளவுதான். அந்நூலும் நூறாண்டுகளைக் கடந்து இன்றும் அச்சில் இருக்கிறது. மின்னோட்டத்தையும் எந்திரத்தையும் கையாள வேண்டிய எத்தனையோ தொழிலாளருக்கும் மாணவருக்கும் அச்சத்தைப் போக்கி வாழ்வளித்த நூல் அது. ஹார்டி ஒரு வாயிலைத் திறந்தார். தாம்சன் மற்றொரு வாயிலைத் திறந்தார். இரண்டும் ஒரே மாளிகையின் வாயில்கள்தாம்.

இந்த இரண்டு வாயில்களும் நம் கல்லூரிகளிலும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கலந்தாய்வுக்கு வரும் மாணவர் இயற்பியலை எடுத்தால் கணிதம் துணைப்பாடம்; கணிதத்தை எடுத்தால் அதுவே முதன்மைப்பாடம். நான் வந்த நாளில் எனக்கு இரண்டிலும் இடமிருந்தது. இயற்பியல் படித்தால் வேலைக்கு வழியுண்டு என்றார் என் தாய்மாமன். சூத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன என்னும் ஆசை என்னைக் கணிதத்தின் பக்கம் இழுத்தது. என் ஊர்த் தோழன் இயற்பியலில் சேர்ந்தான். இருவரும் ஒரே பேருந்தில் வந்து போவோம். ஒருவர் குறிப்பேட்டை ஒருவர் புரட்டுவோம். எண் பெருகப் பெருக அதன் தலைகீழி பூச்சியத்தை நெருங்கும் என்று அவன் குறிப்பேட்டில் ஒரே வரி இருக்கும். அடுத்த வரியில் கணக்கு. என் குறிப்பேட்டிலோ, நீங்கள் எவ்வளவு சிறிய அளவைச் சொன்னாலும், அதற்கும் கீழே எல்லா உறுப்புகளும் இறங்கிவிடும் ஓர் இடத்தை நான் காட்டுகிறேன் என்னும் வாதம் ஒரு பக்கத்திற்கு ஓடும். ஆயிரத்தில் ஒன்று என்கிறீர்களா? ஆயிரத்தைத் தாண்டிய எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் பெயர் ஒன்று, பாடம் இரண்டு!

முதற்பருவம் முடிவதற்குள் என் வகுப்பிலிருந்து மூவர் விலகிச் சென்றனர். மூவரும் பள்ளியிறுதித் தேர்வில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பள்ளியில் கணிதம் என்று பழகியதும் இங்கே கணிதம் என்று எதிர்கொண்டதும் வெவ்வேறு என்பதைச் சேரும்போது அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. தமக்குக் கணிதம் வராது என்ற முடிவோடு அவர்கள் போனார்கள். அந்த முடிவு உண்மையன்று என்பதே என் எண்ணம். கணக்குகளின் சலிப்பால் ஹார்டி ஓடப் பார்த்தார். நிரூபணங்களின் திகைப்பால் இவர்கள் ஓடினார்கள். காரணம் நேர்மாறு, இழப்பு ஒன்றே.

மூன்றாவது விடைக்கு வருவோம். 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜனின் கடிதம் ஹார்டியின் மேசைக்கு வந்தது. அதிலிருந்த முடிவுகள் வியப்பூட்டின, நிரூபணங்களோ இல்லை. இராமானுஜன் பயின்ற முறையை நாம் அறிவோம். கார் என்பவர் தொகுத்த, ஆயிரக்கணக்கான முடிவுகள் அடங்கிய நூலே அவருக்கு ஆசான். அந்தக் கார் யார்? டிரைபாஸ் தேர்வுக்குத் தனிப்பயிற்சி அளித்தவர்களுள் ஒருவர்! எந்தப் பயிற்சி முறை ஹார்டியைக் கணிதத்திலிருந்து துரத்தப் பார்த்ததோ, அதே முறையில் முளைத்த ஒரு நூல்தான் கும்பகோணத்தில் ஒரு மேதையை உருவாக்கிற்று. விதியின் விளையாட்டு என்று வேறெதைச் சொல்வது?

1914இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். இப்போது ஹார்டி என்ன செய்ய வேண்டும்? தாம் எழுதிய முதலாண்டு நூலைக் கையில் கொடுத்து, முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கும்படி சொல்லியிருக்கலாம். நியாயமும் இருந்தது. கலப்பெண் சார்புகளின் கோட்பாட்டை அறியாததால், பகா எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதியிருந்த சில முடிவுகள் தவறாகிப் போயிருந்தன. ஆனால் முறையான பாடத்தை வற்புறுத்தினால் அவருடைய தன்னம்பிக்கையும் படைப்பாற்றலும் பட்டுப்போய்விடுமோ என்று அஞ்சினார் ஹார்டி. ஆகவே வற்புறுத்தவில்லை. தேவைப்படும்போது தேவையான அளவுக்குச் சொல்லிக் கொடுத்தார். தாம் கற்றுக்கொடுத்ததைவிட இராமானுஜனிடம் கற்றுக்கொண்டதே மிகுதி என்று மனமாரச் சொன்னவர் அவர்.

அந்தப் பொறுமையின் பயனை 1918இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் காணலாம். ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்பதே கேள்வி. 4 என்னும் எண்ணுக்கு 5 வழிகள். 200 என்னும் எண்ணுக்கோ 3,972,999,029,388 வழிகள்! மக்மஹோன் என்பவர் படிப்படியாகக் கணக்கிட்டுக் கண்ட இவ்வெண்ணை, ஹார்டியும் இராமானுஜனும் கண்ட சூத்திரம் பிசகின்றிக் காட்டிற்று. சூத்திரத்தின் உருவம் இராமானுஜனின் உள்ளுணர்வில் பிறந்தது. அதற்குத் தேவையான பகுப்பாய்வு ஹார்டியின் பயிற்சியில் விளைந்தது. இரண்டு நுண்கணிதங்களும் கைகோத்த இடம் இது. ஒன்று மற்றொன்றை இகழ்ந்திருந்தால் இந்த வெற்றி ஏது?

1918இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராகவும் டிரினிட்டியின் ஆய்வாளராகவும் உயர்ந்த இராமானுஜன், நோயுடன் தாயகம் திரும்பி 1920இல் மறைந்தார். ஹார்டி 1919இல் ஆக்ஸ்போர்டு சென்று, 1931இல் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். லிட்டில்வுட் என்னும் நண்பரோடு அவர் நடத்திய கூட்டாய்வு 1911 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. மணம் செய்துகொள்ளவில்லை. கிரிக்கெட் ஆட்டத்தில் அடங்காத காதல். நிழற்படம் எடுக்கப்படுவதையும் கண்ணாடி பார்ப்பதையும் விரும்பாத கூச்சம். கணிதத்தின் பயன் அதன் அழகே என்று 1940இல் ஒரு சிறு நூல் எழுதினார். 1947 டிசம்பர் 1ஆம் நாள், ராயல் சங்கத்தின் காப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்படவிருந்த அதே நாளில், உயிர் நீத்தார். இறுதி நாட்களில் தங்கை கெர்ட்ரூடு உடனிருந்து கிரிக்கெட் வரலாற்றைப் படித்துக் காட்டி வந்தார்.

ஒரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. 1930களின் பிற்பகுதியில் தம் பாடநூலின் புதிய பதிப்புக்கு முன்னுரை எழுதிய ஹார்டி, முப்பதாண்டுகளுக்கு முன் தாம் காட்டிய ஆவேசம் இப்போது சற்று நகைப்புக்குரியதாகத் தெரிகிறது என்று எழுதினார். பகுப்பாய்வு புறக்கணிக்கப்பட்ட காலத்தில் அதற்காக உரத்துப் பேச வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் மாறிவிட்ட பின் அத்தனை உரத்த குரல் தேவையில்லை. வென்ற பிறகும் தம் குரலைத் தாமே அளந்து பார்த்த நேர்மை அது.

முதலாண்டில் அடியெடுத்து வைக்கும் தம்பி தங்கையரே! எந்தப் பாடத்தை எடுப்பது என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் உள்ளத்தில் ஓயாமல் எழும் கேள்வி எது என்று பாருங்கள். இதை வைத்து என்ன செய்யலாம் என்பதா? துணைப்பாடக் கணிதம் உங்களுக்குக் கைகொடுக்கும். அதில் இழிவு எதுவுமில்லை. இது ஏன் இப்படி இருக்கிறது என்பதா? முதன்மைப்பாடத்திற்கு வாருங்கள், ஆனால் முதல் சில மாதங்கள் இருட்டாகவே இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். எதை எடுத்தாலும் மற்றதன் புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துப் படியுங்கள்.

ஆசிரியப் பெருமக்களிடம் பணிவான ஒரு விண்ணப்பம். பாடத்திட்டத்தை ஒரு பருவத்தில் மாற்ற இயலாது என்பதை அறிவோம். லவ் என்னும் ஆசிரியர் பாடத்திட்டத்தை மாற்றவில்லை. தம் எதிரே அமர்ந்திருந்த ஒரு மாணவனைப் பார்த்தார். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னார். அவ்வளவே. எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பவனுக்கும் அப்படி ஒரு சொல் வேண்டும். அவன் விலகிப் போகும் முன் வேண்டும்.